பந்து உடைத்த சோற்றுச் சட்டி

அன்று வற்றிக் கிடந்த ஏரிக்குள் இருந்தவர்கள்: நான், என் அப்பா, என் தாய்மாமன், பட்டாளத்திலிருந்து திரும்பி வந்திருந்த ஒரு லாரி டிரைவர், அந்த டிரைவரின் அப்பா, அவர்கள் ஊர்ப் பையன்கள் ஒரு கூட்டம், வண்டி மாடு இரண்டு. இல்லாதவர்கள்: என் அம்மா, டிரைவரின் அம்மா, என் அக்கா. இதில் அக்கா இல்லாததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அவளை உத்தேசித்துத்தான் நாங்கள் அவ்வளவு தூரம் போயிருந்தோம். அவள் பெயரை மட்டும் அன்று மத்தியானம் வரைக்கும் யாரும் எடுக்கவில்லை.

ஜப்பான் சண்டை முடிந்த மறு வருஷம், சித்திரை கடைசி. எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் பாடாலூருக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. மானாவாரிப் பூமி. கம்பு, சோளம், மழை பார்த்துக் கொஞ்சம் வெங்காயம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பரீட்சை பாஸ் செய்த முதல் ஆள் நான். பெரம்பலூரில் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. ஊரில் என்னைச் சிலர் 'சார்' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அக்காவின் கைதான் நினைவுக்கு வரும்.

அவள் கையில் இரண்டு வளையல் இருந்தது. நான் ஹாஸ்டலில் சேர்ந்த வருஷம் அது இல்லாமல் போயிற்று. "மாடு மேய்க்கிறவளுக்கு எதுக்கு வளையலு, சாணிதான் ஒட்டுது" என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்தாள். அடுத்த வருஷம் காதுத் தோடு. அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் படித்து முடிப்பதற்குள் அவளோடு கூடத் திரிந்த பெண்களுக்கெல்லாம் இடுப்பில் பிள்ளை உட்கார்ந்துவிட்டது. காது மூளியாக நிற்கிற பெண்ணைக் கேட்டு வருகிறவர்கள் குறைந்து போனார்கள்.

அப்போதுதான் இந்த டிரைவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவர்கள் திருமானூர்ப் பக்கம். ஆற்றுப் பாய்ச்சல், நெல்லும் கரும்பும். டிரைவர் சண்டையின்போது அஸ்ஸாம் மலையில் ரோடு போடுகிற இடத்தில் அமெரிக்கக்காரர்களோடு சேர்ந்து லாரி ஓட்டியவர். வந்து அக்காவைப் பார்த்தார். பார்த்ததும் பிடித்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிடிக்காதது அவருடைய அப்பாவுக்கு. அவரைப் பெரியவர் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். வாசலில் நின்று காட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கம்புக் கொல்லையில வளந்த பொண்ணு எங்க வூட்டுல வந்து நெல்லுச்சோறு வடிச்சுருமாங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகமாகத்தான் கேட்டார்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் காரியம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள். சோற்றில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் பின்வாங்கினால் அது இரண்டு வீட்டுக்கும் கேவலம், பெண்ணுக்கு அதைவிட. பெரியவர் இரண்டு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு தடவையும் அம்மா கோழி அடித்துச் சமைத்து வைத்தாள். இரண்டு தடவையும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றோமுங்க" என்று எழுந்து போய்விட்டார். அந்தக் குழம்பை நாங்கள் மறுநாளும் சாப்பிட்டோம். அக்கா மட்டும் அதைத் தொடவில்லை.

இந்த நிலையில் டிரைவர் ஒருநாள் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். காக்கிக் கால்சட்டை, வாயில் சிகரெட். என்னைப் பார்த்ததும் சிகரெட்டை மறைத்தார்.

"ஞாயித்துக்கெழம லீவுதானே? அரியலூருக்குக் கெழக்க எங்க சித்தப்பன் ஊரு ஏரி வத்திக் கெடக்கு. பேஸ்பாலு ஆடலாம். அப்பா, மாமா எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

"பேஸ்பாலுன்னா என்னங்க?"

"வந்து பாருங்க. பீரு இருக்கு. திருச்சி பட்டாளத்துக் கேண்டீன்ல சொல்லி வச்சுருக்கேன்."

நான் குடிப்பதில்லை என்றேன். "நீங்க குடிக்காதீங்க சார், யாரு வாயத் தொறந்து ஊத்தப் போறா?" என்று சிரித்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு, "எங்கப்பாவும் வருவாரு. வூட்டுக்குள்ள அவரு வேற ஆளு. வெளியில ஒருநா பாருங்க" என்றார்.

இப்போது எங்கள் ஜில்லாவுக்கும் மதுவிலக்கு வந்துவிட்டது. அப்போது வரவில்லை என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே யோசித்தார். "போகலாம். ஆனா நம்ம சோத்த நாமளே கட்டிக்கிட்டுப் போவோம். அவருக்கு எதிர்ல பிரிக்க வேண்டாம். சாப்பிடச் சொல்லி நெருக்குறோம்னு அவரு நெனச்சுறக் கூடாது" என்றார். அப்பா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். இப்படிப்பட்ட கணக்குகள் மட்டும் அவருக்குத் தப்பவே தப்பாது.

அரிசி ரேஷன் காலம். அக்கா முதல்நாளே கம்பு இடித்து, களியாகக் கிண்டி, உருண்டை பிடித்து மோரில் போட்டுவிட்டாள். விடிகாலையில் கோழியை வறுத்தாள். உரித்த சின்ன வெங்காயம் ஒரு துணியில். எல்லாவற்றையும் பெரிய பித்தளைத் தூக்கில் அடுக்கி வைத்து மூடி, மூடியின் மேல் ஒரு தட்டுத் தட்டினாள். "மோரு புளிக்கிறதுக்குள்ள தின்னுருங்க" என்றாள். தலைவாரிப் பூ வைத்திருந்தாள். வீட்டிலேயே இருக்கப் போகிறவள் எதற்குப் பூ வைத்தாள் என்று பஸ்ஸில் போகும்போதுதான் எனக்குத் தோன்றியது.

கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பின்னால் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப் புகையில் ஓடுமே, அது. மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். மாமா ஒவ்வொரு மேட்டிலும் தள்ளிவிட்டு ஏறி, "டிக்கெட்டுல பாதி திருப்பிக் குடுப்பா, பாதி தூரம் நாங்கதான் பஸ்ஸ ஓட்டுறோம்" என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டே வந்தார். மாமா அப்படிப்பட்டவர். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. பசித்தவனைக் கண்டால் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுத்தான் யார் என்று கேட்பார். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் காப்பியும் வடையும் சாப்பிட்டுவிட்டு நடந்தோம்.

ஏரி முழுக்க வற்றிக் கிடந்தது. கரையோரத்தில் இறுகிப்போன வெள்ளைத் தரை, மேலே மேய்ச்சல் கடித்த புல். சுண்ணாம்புக் கல் நாலை நாலு மூலையில் போட்டிருந்தார்கள். கரையடியில் ஒரு புளியமரம். நிழலில் அவிழ்த்துவிட்ட வண்டி, பக்கத்தில் மாடுகள். புளியங்கிளையில் வெள்ளைத் துணியில் கட்டிய மண் சட்டி ஒன்று தொங்கியது. பெரியவரின் மத்தியானச் சோறு. நெல்லுச்சோறு, தயிர் போட்டுப் பிசைந்தது என்று வண்டிக்காரப் பையன் மரியாதையாகச் சொன்னான்.

அப்பா சட்டியைப் பார்த்தார். எங்கள் தூக்கை எடுத்துக்கொண்டு தனியாக நடந்துபோய், ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்த வேப்பமரத்தில் தொங்கவிட்டு வந்தார்.

பெரியவர் எங்களைக் கண்டதும் எழுந்து, "வாங்க, பெரம்பலூராரே" என்றார். குரலில் மரியாதை இருந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை. அப்பாவும் அவரும் கயிற்றுக் கட்டிலின் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். பேசுவதற்கு மழை இல்லாததால் அந்தப் பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

டிரைவர் ஆட்டத்தை விளக்கினார். பந்து ஒன்று அஸ்ஸாமிலிருந்து கொண்டுவந்திருந்தார். வெள்ளைத் தோல், சிவப்பு நூல் தையல். ஒரு பெரிய தோல் கையுறை. மட்டை மட்டும் இந்த ஊர்த் தயாரிப்பு: அவர் வீட்டு உலக்கையை அம்மாவுக்குத் தெரியாமல் பாதியாக அறுத்திருந்தார். ஒருத்தன் பந்தை வீசுவான், ஒருத்தன் அடிப்பான், அடித்தவன் நாலு கல்லையும் சுற்றி வர வேண்டும், பந்தைத் தரையில் விழாமல் பிடித்தாலோ, ஓடுகிறவனைப் பந்தால் தொட்டாலோ அவன் அவுட்.

"இது நம்ம கிட்டிப்புள்ளுதானேடா" என்றார் பெரியவர் கட்டிலிலிருந்து.

"இல்லப்பா. இதுல மூணு தடவ அடிக்காம விட்டா அவுட்டு. அதுக்குப் பேரு ஸ்ட்ரைக்கு."

"ஸ்ட்ரைக்கா? அது ரயில்வேக்காரன்ல பண்ணுவான்?" என்றார் மாமா.

"அவன் ஸ்ட்ரைக்கு பண்ணுனா ரயிலு நிக்கும். நீங்க பண்ணுனா நீங்க நிக்கணும், அவ்ளோதாங்க."

கையுறை ஒன்றுதான் இருந்ததால் மற்றவர்கள் துண்டை விரித்துப் பந்தைப் பிடித்தார்கள். துண்டில் பிடிப்பது செல்லுமா என்று முதல் பந்திலேயே தகராறு வந்தது. அமெரிக்காவில் செல்லாது என்றார் டிரைவர். "இது அமெரிக்காவா? அரியலூரு. செல்லும்" என்று பெரியவர் தீர்ப்புச் சொன்னார். ஊரில் பஞ்சாயத்துப் பண்ணுகிறவர். தீர்ப்புச் சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு பந்துக்கும் அவரைத்தான் கேட்டார்கள். கேட்கக் கேட்கக் கட்டிலின் விளிம்புக்கு வந்தார். பிறகு எழுந்து நின்றார்.

வெயில் ஏறியதும் பீர் வந்தது. பக்கத்துக் கமலைக் கிணற்றில் கூடையில் வைத்து இறக்கியிருந்த பாட்டில்கள் சில்லென்று சொட்டச் சொட்ட மேலே வந்தன. கிளாஸ் இல்லை. கள்ளுக்குப் பிடிக்கிற மாதிரி பனையோலையை மடக்கிப் பட்டை கட்டி அதில் ஊற்றினார்கள். நுரை பொங்கிப் பட்டையைத் தாண்டி வழிந்தது.

அப்பா பட்டையைக் கையில் வாங்கிவிட்டு மாமாவைப் பார்த்தார். மாமா மெதுவாக, "மாப்புள வூட்டுக்காரங்க குடுக்குறது. நாம குடிச்சா மொற கெடுமா மாமா?" என்று கேட்டார். அப்பா கொஞ்சம் யோசித்து, "தண்ணி கணக்குல சேராது" என்று சொல்லிவிட்டுக் குடித்தார். முகம் சுருங்கியது. "வேப்பங்கொழுந்த ஊற வச்ச தண்ணியாட்டம்ல இருக்கு" என்றார்.

பெரியவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார். "இதக் குடிக்கிறதுக்கா வெள்ளக்காரன் கப்பலேறி வந்தான்? இன்னொரு பட்ட ஊத்து, என்னதான் இருக்குன்னு பாப்போம்."

நான் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தேன். அந்தத் தண்ணீரின் ருசியும் அந்த நிழலும் இப்போதும் நாக்கில் இருக்கிறது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டால் மாடு, மாடு விட்டால் புத்தகம் என்று ஓடியவன் நான். ஹாஸ்டலில் மற்றவர்கள் பந்து ஆடும்போது துணி துவைத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் முழுக்க ஒரு காரியமும் இல்லாமல் விளையாடுவது என்பது அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை. அப்பாவுக்கும் கிடைத்திருக்காது. அவர் கட்டிலில் சாய்ந்து, இரண்டு கையையும் தலைக்குக் கீழே கொடுத்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் படுத்து நான் பார்த்ததே இல்லை.

என் முறை வந்தது. டிரைவர்தான் பந்து வீசினார். எனக்காக மெதுவாக வீசினார் என்று தெரிந்தது. மூன்றாவது பந்து உலக்கையில் பட்டு, பையன்கள் தலைக்கு மேல் பறந்தது. நான் நம்பாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஓடு மச்சான், ஓடு" என்று கத்தினார் டிரைவர்.

நான் ஓடினேன். முதல் கல்லைத் தாண்டிய பிறகுதான் அவர் என்னை என்னவென்று கூப்பிட்டார் என்பது மூளைக்கு எட்டியது. முடிவாகாத சம்பந்தத்தில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. நடுவழியில் நின்றுவிட்டேன். டிரைவரும் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். பையன்கள் சிரிக்கவா வேண்டாமா என்று பெரியவரைப் பார்த்தார்கள். பெரியவர் மகனை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் ஒருவன் பந்தைக் கொண்டுவந்து என் முதுகில் தொட்டுவிட்டான்.

"அவுட்டு" என்று மட்டும் சொன்னார் பெரியவர். எனக்கு ஆட்டத்தின் ருசி போய்விட்டது. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

ஆனால் பீரும் வெயிலும் ஒரு மனிதனை ரொம்ப நேரம் கட்டிலில் உட்கார விடாது போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பெரியவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். உலக்கையை வாங்கி ஒரு சுழற்றுச் சுழற்றினார். பந்து உருண்டு போயிற்று. அவர் ஓடினார். மூச்சிரைக்க நாலு கல்லையும் சுற்றி வந்து, கடைசிக் கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டு, "இப்ப சொல்லு, இது கிட்டிப்புள்ளுதானே" என்றார். மாமா துண்டை வீசிக் கும்மாளமிட்டார். அப்பாகூடச் சிரித்தார்.

அடுத்து டிரைவர் மட்டையை எடுத்தார். அஸ்ஸாமில் கற்ற வித்தையை எல்லாம் அந்த ஒரு அடியில் காட்ட வேண்டும் என்று நினைத்தார் போல. பந்து உயரே போயிற்று, கரைப்பக்கம் திரும்பிற்று, புளியமரத்துக்குள் நுழைந்தது. சடக் என்று ஒரு சத்தம். வெள்ளைத் துணியிலிருந்து தயிர் ஒழுகியது. பிறகு முடிச்சு அவிழ்ந்து சட்டியும் சோறும் மொத்தமாக மண்ணில் விழுந்தன. ஒரு மாடு நிதானமாக எழுந்து வந்து நக்க ஆரம்பித்தது.

"நாலு கல்லும் சுத்தணுமா, இல்ல சட்டி ஒடஞ்சா ஆட்டம் முடிஞ்சுதா?" என்று மாமா கேட்டார்.

பெரியவர் மாட்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "பெத்தவன் சோத்துல மண்ணு போட அஸ்ஸாம் வரைக்கும் போயிப் படிச்சுட்டு வந்துருக்கான்" என்றார்.

பசி எல்லோருக்கும் வந்திருந்தது. பையன்கள் அவரவர் கொண்டுவந்த முடிச்சை எல்லாம் அவிழ்த்து ஒன்றாகப் போட்டார்கள். சோளச்சோறு, வரகுச்சோறு, ஏதோ ஒரு துவையல், கருவாடு. புளிய நிழலில் வரிசையாக ஆலிலையில் தைத்த இலைகளைப் போட்டார்கள். பெரியவரை முதல் இலையில் உட்கார வைத்தார்கள். அப்பா என் தோளைத் தொட்டு, "வா, நாம அந்தப் பக்கம் போயிச் சாப்பிடுவோம்" என்றார். திரும்பிப் பார்த்தோம். வேப்பமரத்தில் தூக்கு இல்லை.

தூக்கு மாமாவின் கையில் இருந்தது. மாமா வரிசையின் தலைமாட்டில் குனிந்து, பெரியவரின் இலையில் கம்பு உருண்டை இரண்டை வைத்து, மோரை ஊற்றிக்கொண்டிருந்தார். பசித்த ஒரு மனிதர் முன்னால் இலை காலியாக இருப்பதைப் பார்த்தார். அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. பக்கத்தில் வெங்காயத்தை வைத்தார். கோழியை வைத்தார். அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

அப்பா ஓர் அடி எடுத்து வைத்து நின்றுவிட்டார். அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

"போயிச் சொல்லட்டுமாப்பா?" என்றேன்.

"என்னன்னுடா சொல்லுவ? எலையில சோறு விழுந்துருச்சு. உக்காந்த மனுசனப் பாத்துத் திங்காதேன்னு சொல்ற வாயி நம்ம வம்சத்துல கெடையாது."

சொன்னால் சாப்பிடுகிறவரை எழுப்பிய பாவம். சொல்லாவிட்டால் ஏமாற்றிக் கை நனைக்க வைத்த பழி. பின்னால் தெரிந்தால் அவர் எழுந்து போவார். அதோடு அக்காவின் காரியமும் போகும். அந்தப் பேச்சு ஊர் ஊராகப் பரவினால் அப்புறம் வேறு யாரும் வாசலுக்கு வர மாட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். டிரைவர் தூக்கை அடையாளம் கண்டுகொண்டார். அவர் கையும் இலையிலேயே நின்றுவிட்டது.

பெரியவர் மட்டும் சாப்பிட்டார். கம்பை மோரில் கரைத்தார். வெங்காயத்தைக் கடித்தார். கண்ணை மூடி ஒரு வாய் உறிஞ்சினார். பீர் குடித்து, வெயிலில் ஓடி, காய்ந்து போயிருந்த உடம்புக்குள் அந்த மோர் இறங்குவது எங்களுக்கே தெரிந்தது.

"நல்ல பதமா ஊறியிருக்கு" என்றார். "நெல்லுச்சோறு திங்கிறவன் நானு. என்னையே இன்னொரு உருண்ட கேக்க வச்சுருச்சு. எந்த வூட்டு மோருடா இது?"

மாமா அப்போதுதான் நிமிர்ந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து, கையிலிருந்த தூக்கைப் பார்த்தார். பையன்களில் ஒருவன், "எங்க வூட்டுது இல்லீங்க" என்றான். இன்னொருவனும் தலையை ஆட்டினான்.

நான் போய் அவர் முன்னால் நின்றேன். "எங்க வூட்டுதுங்க. எங்கக்கா ஆக்குனது" என்றேன்.

அவர் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. விரலில் மோர் சொட்டியது. அந்தக் கையை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"இது ஏற்பாடாங்க, பெரம்பலூராரே?"

அப்பா வந்து கைகட்டி நின்றார். "இல்லீங்க. உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்னு அந்தா அந்த மரத்துல கொண்டு போயித் தொங்கவிட்டேன். என் மச்சினன் தெரியாம எடுத்துட்டான். அவன் மனசுல ஒண்ணும் இல்லீங்க. நீங்க இப்ப எந்திரிச்சுக் கையக் கழுவிக்கிட்டா இத நான் கை நனச்சதா வச்சுக்க மாட்டேன். ஊருல போயிச் சொல்லவும் மாட்டேன். பசிக்குச் சாப்பிட்டீங்க, அவ்வளவுதான்."

பெரியவர் வேப்பமரத்தைப் பார்த்தார். தூரத்தில் தனியாக நின்ற மரம். "அவ்ளோ தொலவுலயா தொங்கவிட்டீங்க?"

"ஆமாங்க."

"எங்க சட்டிய பக்கத்துல தொங்கவிட்டோம், ஒடஞ்சு போச்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்ததை வாயில் போட்டு மென்றார். மென்று முடிக்கிற வரைக்கும் எல்லோரும் காத்திருந்தோம். பக்கத்தில் மாடு உடைந்த சட்டியை நக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கை நனஞ்சுருச்சு. நனஞ்ச கைய எதுக்குங்க காய வைக்கணும்?" என்றார். "இந்தக் கம்பங்காட்டுப் பொண்ணு எங்க வூட்டுக்கு வந்து இதையே ஆக்கிப் போடட்டும். நெல்லுச்சோறு வடிக்க எங்க வூட்டுல ஆளு இருக்கு. சம்பந்தி, நின்னுக்கிட்டே இருக்கீங்களே, உக்காருங்க. டேய், அவருக்கு ஒரு எலையப் போடு."

அப்பா உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். டிரைவர் என் காதருகில் வந்து, "இப்பக் கூப்பிடலாமா மச்சான்?" என்று கேட்டார். மாமா மட்டும் இன்னும் குழப்பமாக, "நான் செஞ்சது தப்பா, சரியா?" என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மத்தியானத்துக்கு மேல் மறுபடி ஆடினோம். யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. நான் ஒரு தடவை நாலு கல்லையும் சுற்றி வந்தேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

பொழுது இறங்கும்போது வீட்டுக்கு வந்தோம். அக்கா வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. "சோறு பத்துச்சா?" என்று மட்டும் மாட்டைப் பார்த்துக் கேட்டாள். அப்பா தூக்கை அம்மாவிடம் நீட்டினார். அம்மா மூடியைத் திறந்தாள். கவிழ்த்தாள். ஒரு சொட்டு மோர்கூட விழவில்லை.

"எல்லாத்தையும் நீங்களே தின்னுட்டீங்களா?" என்றாள் அம்மா.

"அவரு தின்னாரு" என்றார் அப்பா. "ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னாரு."

அம்மா அப்படியே தூக்கோடு உட்கார்ந்துவிட்டாள். அக்கா வாளியைக் கீழே வைக்கவில்லை. தண்ணீர் தீர்ந்த பிறகும் மாடு வாளிக்குள் முகத்தை விட்டுக்கொண்டிருந்தது, அவளும் பிடித்துக்கொண்டிருந்தாள். தலையில் காலையில் வைத்த பூ வாடிப்போயிருந்தது. நான் கிட்டே போய் வாளியை வாங்கினேன். "மோரு புளிக்கலையே?" என்று கேட்டாள். "இல்லக்கா" என்றேன். அவளுக்குச் சொல்ல வேண்டியது எனக்கு எவ்வளவோ இருந்தது, இன்னும் இருக்கிறது. பாஸ் செய்த பரீட்சையில் படித்த எந்த வார்த்தையும் அதற்கு உதவுவதில்லை.

அந்த வாரமே நல்ல நாள் பார்த்துப் பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்தார், வெற்றிலை பாக்குத் தட்டோடு. வாசலிலேயே நின்று, "பீருல சொன்னேன்னு நாளைக்கு யாரும் சொல்லிறக் கூடாது பாருங்க. இன்னிக்குக் காலையிலேருந்து பச்சத் தண்ணிதான் குடிச்சுருக்கேன்" என்றார். உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் கை நனைத்தார். கம்பு உருண்டைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். என்ன போடுவது, என்ன செய்வது என்று அப்பா தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தபோது அவர் கையை உயர்த்தினார்.

"பொண்ணு கையில கெடந்தது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும்" என்று என்னைப் பார்த்தார். "அது வீணாப் போவல. அதப் பத்திப் பேச வேண்டாம். எனக்கு ஒரே ஒரு பாக்கிதான். மாப்புள அடிச்சு ஒடச்ச சட்டிக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க காசு குடுக்கணும். அதான் மொற."

அப்படி ஒரு முறை எங்கேயும் கிடையாது. அப்பா அதை நம்பி, மடியிலிருந்து இரண்டணாவை எடுத்து மரியாதையாகத் தட்டில் வைத்தார். பெரியவர் சிரித்துக்கொண்டே எடுத்துத் தலைப்பாகையில் செருகிக்கொண்டார்.

அக்கா இப்போது திருமானூர்ப் பக்கத்தில் இருக்கிறாள். காதில் தோடு இருக்கிறது. நெல்லுச்சோறு வடிக்கிறாள், வெயில் நாளில் மாமனாருக்குக் கம்பும் ஊற வைக்கிறாள். பாதி உலக்கை அவர்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இன்னும் சாய்ந்து நிற்கிறது.

மூன்று பேருக்குப் போகவர கரி பஸ்ஸுக்கு மூன்று ரூபாய், அரியலூரில் காப்பி வடை நாலணா, அப்பாவின் வெற்றிலை புகையிலை இரண்டணா, பெரியவரின் சட்டி இரண்டணா. ஆக மொத்தம் அந்த நாள் எங்களுக்கு மூன்றரை ரூபாய் ஆயிற்று.